பிடிக்காதவர்களை நேசிக்கச் சொல்கிறதா வேதம்?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கல்யாணமாகிப் பதினாறு வருடம். வந்த நாளிலிருந்து மாமியாரின் வாயில் நல்ல சொல் ஒன்று விழவில்லை. நகை குறைந்தது, நிறம் குறைந்தது, முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்தது என்று எல்லாவற்றுக்கும் பேச்சு. எட்டு மாதத்துக்கு முன் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. கணவர் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருகிறார். கொழுந்தனார் கோயம்புத்தூரில். நாத்தனார் வருடத்துக்கு இரண்டு முறை ஆப்பிளோடு வந்து போகிறார். குளிப்பாட்டுவது, மலஜலம் எடுப்பது, சாப்பாடு, மருந்து எல்லாம் இவர் தலையில். பார்க்க வருகிறவர்களிடம் மாமியார், "எனக்கு வெறுஞ்சோறு போடுறா" என்று சொல்கிறார். சபையில் போய் அழுதால் "அன்பு சகலத்தையும் தாங்கும்" என்று வசனம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். "எல்லாம் செய்கிறேன், ஆனால் வெறுப்போடு செய்கிறேன். நான் மாய்மாலக்காரியா? ஒரு கிறிஸ்தவள் இப்படிப்பட்டவரை எப்படி நேசிப்பது?" இதுதான் கேள்வி.

நான் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஐயர், அதாவது போதகர். அதனால் வார்டில் பார்த்ததும் போதகர் வீடான குருமனையில் பார்த்ததும் இரண்டும் கலந்துதான் இந்தப் பதில் வரும்.

முதலில் அந்த மாய்மாலக்காரி விஷயத்தை முடித்துவிடலாம். பிடிக்காத ஒருவருக்குச் சோறு ஊட்டுவது மாய்மாலம் கிடையாது. மனதில் இல்லாததை இருப்பதாகக் காட்டி ஊர் மெச்ச நடிப்பதுதான் மாய்மாலம். நீங்கள் யாரிடமும் நடிக்கவில்லை, முன்பின் தெரியாத என்னிடம்கூட உண்மையை எழுதியிருக்கிறீர்கள். ஒருவரை நமக்குப் பிடிக்க வேண்டும் என்று வேதத்தில் கட்டளை எதுவும் இல்லை. "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று சொன்ன அதே மூச்சில் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஆண்டவர் சொல்லிவிடுகிறார்: ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள். மூன்றும் வாயாலும் கையாலும் செய்கிற காரியங்கள். அதோடு சத்துரு என்ற சொல்லை அவர் மாற்றவும் இல்லை. சத்துருவைச் சத்துரு என்று தெரிந்துகொண்டே செய்யச் சொல்கிறார். உங்கள் மாமியாரை "அவங்களும் நல்லவங்கதான்" என்று நீங்களே உங்களுக்குப் பொய் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

நல்ல சமாரியன் கதையை உங்களிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ தெரியாது. லூக்கா பத்தாம் அதிகாரம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு அவன் "மனதுருகி" கிட்ட வந்தான் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. கிரேக்கத்தில் அந்தச் சொல் குடல், ஈரல் என்று வயிற்றுக்குள் இருப்பவற்றின் பெயரிலிருந்து வந்தது. வயிற்றைப் பிசைகிறது என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். "எனக்குத்தான் அது வரவே இல்லையே" என்பீர்கள். சரி, ஆனால் கதையைத் திரும்ப வாசியுங்கள். உணர்ச்சிக்கு ஒரு சொல்தான். அப்புறம் எண்ணெய் வார்த்தது, காயம் கட்டியது, தன் வாகனத்தில் ஏற்றியது, சத்திரத்துக்குக் கொண்டுபோனது, ராத்திரி பார்த்துக்கொண்டது, காசு கொடுத்தது என்று எல்லாமே வேலை. முடிவில் "நீயும் போய் அந்தப்படியே செய்" என்றுதான் ஆண்டவர் சொல்கிறார்.

அந்தக் கதையில் நான் நெடுநாள் கவனிக்காத விஷயங்கள் இரண்டு உண்டு. அடிபட்டவன் கதை முழுக்க வாயே திறக்கவில்லை. குற்றுயிராகக் கிடக்கிறான், சமாரியனைத் திட்டவில்லை, "உன் கை பட்ட எண்ணெய் எனக்கு வேண்டாம்" என்று சொல்லவில்லை. பேசாத நோயாளிக்கு மனதுருகுவது சுலபம். எங்கள் வார்டிலும் அப்படித்தான், மயக்கத்தில் கிடக்கிறவர் மேல் எல்லாருக்கும் பாசம் வரும், ஏழாம் நம்பர் கட்டிலில் உட்கார்ந்து கத்துகிறவரிடம் போக யாருக்கும் கால் வராது. இன்னொன்று, மறுநாள் சமாரியன் புறப்பட்டுப் போய்விட்டான். இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரக்காரன் கையில் கொடுத்து, இவனை விசாரித்துக்கொள், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். அவன் அங்கேயே உட்கார்ந்து எட்டு மாதம் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்காக அவனை யாரும் அரைகுறை சமாரியன் என்று சொன்னதில்லை.

வாய் திறந்து பேசுகிறவரைப் பார்த்துக்கொள்ளும் கதை வேண்டுமென்றால் எண்ணாகமம் பதினொன்றாம் அதிகாரத்துக்குப் போங்கள். வனாந்தரத்தில் ஜனங்கள் கடவுள் கொடுத்த உணவான மன்னாவை வெறுத்து, எகிப்தில் தின்ற மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று பட்டியல் போட்டு அழுகிறார்கள். மோசே கடவுளிடம் வெடிக்கிறார்: இவர்களையெல்லாம் கர்ப்பந்தரித்தது நானா, பெற்றது நானா? "இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக்கூடாது, எனக்கு இது மிஞ்சின பாரமாயிருக்கிறது" என்கிறார். இப்படித்தான் செய்வீரானால் என்னைக் கொன்றுபோடும் என்றுகூடச் சொல்லிவிடுகிறார். கடவுள் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றாரா? அதுவும் இல்லை. மூப்பரில் எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, அவர்கள் உன்னோடு பாரத்தைச் சுமப்பார்கள் என்றார். மோசே கேட்டது சாவு, கிடைத்தது எழுபது ஆள்.

உங்களுக்கு எழுபது வேண்டாம், மூன்று பேர் போதும். அவர்கள் யார் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

"உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கற்பனை உங்கள் வீட்டில் முதலில் யாருக்கு? பெற்ற பிள்ளைகளுக்கு. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் கொர்பானைப் பற்றிப் பேசுகிறார். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட மதவாதிகளை அங்கே வாங்கு வாங்கென்று வாங்குகிறார். கன்வென்ஷன் கூட்டத்துக்குக் காணிக்கைக் கவர் கொடுத்துவிட்டுத் தாயின் டயாபருக்குக் காசு கேட்டால் முகம் திருப்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். உங்கள் நாத்தனாரைச் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. ஆனால் பணமோ நாளோ, ஏதாவது ஒன்றில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று ஒருநாள் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். நீங்கள் பேசக் கூடாது, உங்கள் கணவர் பேச வேண்டும். மருமகள் பேசினால் சண்டை ஆகிவிடும். கணவருக்கும் பங்கு உண்டு. ஆண்பிள்ளை எப்படி அம்மாவைக் குளிப்பாட்டுவது என்ற கூச்சம் புரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கக் கூச்சம் எதுவும் தேவையில்லையே. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். அதை ஒரே ஆள் ராத்திரியும் பகலும் செய்தால் அந்த ஆளின் இடுப்பு போய்விடும், நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

"அன்பு சகலத்தையும் தாங்கும்" என்று உங்களிடம் சொன்னவர்கள் அந்த வசனத்தை உங்கள் கணவருக்கும் கொழுந்தனாருக்கும் வாசித்துக் காட்டினார்களா? பவுல் அதை எழுதியது ஒரு மருமகளுக்கு இல்லை. கொரிந்து சபை முழுவதற்கும் எழுதினார். கட்சி கட்டிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டு, திருவிருந்தில்கூட வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட ஏழை பசியோடு நின்ற சபை அது. தாங்க வேண்டியது எல்லாரும். அதற்கு முந்தின வசனத்தில் அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படாது, சத்தியத்தில் சந்தோஷப்படும் என்றும் இருக்கிறது. அதை ஏனோ யாரும் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவதில்லை.

இப்போது என் சொந்தக் கதை. என் கணவரின் அத்தை ஒருவர், கல்யாணமாகாதவர், ஓய்வு பெற்ற டீச்சர், ஆறு வருடம் எங்களோடு குருமனையில் இருந்தார். என் அப்பா ஒரு சின்ன ஊரில் உபதேசியாராக, அதாவது ஐயருக்குக் கீழ்நிலை ஊழியராக, இருந்தவர். அத்தைக்கு அது பெரிய குறை. காப்பியில் சீனி கூடினாலும் "உபதேசியார் மகளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்பார். சபையார் வந்து உட்கார்ந்திருக்கும்போது சொல்வார். கடைசி ஒன்றரை வருடம் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். பெட்பேன் வேண்டுமென்றால் கைத்தடியால் கட்டில் காலைத் தட்டுவார். ஒருநாள் மத்தியானம், காலையில் அவர் பேசிய பேச்சு எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டுகிற சத்தம் கேட்டது. நான் போகவில்லை. அடுக்களையில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம். போனபோது படுக்கை நனைந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "கேட்கலையே அத்தை" என்று சொல்லிக்கொண்டே துணி மாற்றினேன். ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெறுப்போடு செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வெறுப்பு மனதில் இருப்பதற்காக நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அது பதினாறு வருடத்துக் கணக்கு. ஆனால் அது கைக்கு இறங்குகிறதா என்று மட்டும் தினமும் பாருங்கள். குளிப்பாட்டும் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கிறதா, விழுந்த கையைப் பிடித்து இழுக்கிறோமா தோளோடு தாங்கித் தூக்குகிறோமா, வாயில் இருப்பதை விழுங்கும் முன் அடுத்த கரண்டியை நீட்டுகிறோமா. நேசிக்க முடியாதவர் விஷயத்தில் கிறிஸ்தவ இரக்கம் என்று நான் நம்புவது பெரும்பாலும் இந்தச் சின்ன இடங்களில்தான் இருக்கிறது. மனம் என் சொல்லைக் கேட்காத நாளிலும் கை கேட்கும். உங்கள் கை என்றைக்காவது கேட்காமல் போகும்போலத் தோன்றினால் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அது தோல்வி இல்லை.

வெளியே வருவதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஞாபகம் வருகிறார். நாங்கள் சி.எஸ்.ஐ., புனிதர்களைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிக்கொண்டதில்லை. என்னோடு வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர் சொல்லித்தான் சிறுமலர் தெரேசாவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். பிரான்சில் லிசியே மடத்தில் 1888இல் பதினைந்து வயதில் சேர்ந்தார், 1897இல் இருபத்து நான்கு வயதில் காசநோயில் இறந்தார். அந்த மடத்தில் உடம்பு முடியாத வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார். சாயங்காலம் அவரைச் சிற்றாலயத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும் வேலையை யாரும் விரும்பவில்லை, தெரேசாதான் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த அம்மா மணற்கடிகாரத்தை ஆட்டுவார், கிளம்பு என்று அர்த்தம். வேகமாக நடந்தால் "விழுந்துவிடுவேன்" என்று கத்துவார். மெதுவாக நடந்தால் "உன் கையே தெரியவில்லை, விட்டுவிட்டாய், நீ இந்த வேலைக்கு லாயக்கில்லாத சின்னப்பெண்" என்பார். ஒருவழியாக உட்கார வைத்து, சட்டைக் கையை அவர் சொல்லும் முறையில் மடித்துவிட வேண்டும். சில நாள் கழித்து, முடங்கிய கையால் ரொட்டியை வெட்ட அவர் படும் பாட்டைத் தெரேசா கவனித்தார். கேட்காமலே வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போகத் தொடங்கினார். அந்தக் கேட்காத ரொட்டிதான் கிழவியின் மனதை அசைத்தது என்று தெரேசாவே எழுதி வைத்திருக்கிறார்.

சிஸ்டர்கள் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. வேறொரு சிஸ்டர் அநியாயமாகக் குற்றம் சொன்னபோது, அங்கே நின்றால் தன்னால் பொறுமையாக இருக்க முடியாது என்று தெரேசாவுக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்தார்? ஓடிவிட்டார். போரில் தோற்காமல் இருக்கத் தனக்குத் தெரிந்த கடைசி வழி களத்தை விட்டு ஓடுவதுதான் என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறார். புனிதருக்கே அந்த வழி தேவைப்பட்டதென்றால் நீங்களும் நானும் மொட்டைமாடிக்குப் போய் ஐந்து நிமிடம் நிற்பதில் என்ன தப்பு?

தூரம் என்பதை நம் சபைகளில் சரியாகச் சொல்லித்தருவதில்லை என்பது என் வருத்தம். தாவீதும் சவுலும் பற்றிய பாடத்தை ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். சவுல் ராஜா தாவீதை ஈட்டியால் சுவரோடு குத்தப் பார்த்தான், ஒரு முறை இல்லை, பல முறை. பிறகு தூங்குகிற சவுலின் தலைமாட்டிலிருந்து ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் தாவீது எடுத்துக்கொண்டு, ஆளை ஒன்றும் செய்யாமல் வந்துவிட்டார். இதுவரைக்கும் டீச்சர் சொல்லிக்கொடுப்பார். அதற்கப்புறம் 1 சாமுவேல் 26இல் வருவதைப் பாருங்கள். தாவீது தூரத்தில் இருந்த மலையுச்சியில் ஏறி, நடுவில் மிகுந்த இடம் விட்டு நின்றுகொண்டுதான் கூப்பிடுகிறார். சவுல், "என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா" என்கிறான், இனிப் பொல்லாப்புச் செய்ய மாட்டேன் என்கிறான். தாவீது போகவில்லை. இதோ ராஜாவின் ஈட்டி, வாலிபரில் ஒருவன் இங்கே வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்கிறார். ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் அதைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பழி வாங்கவும் இல்லை, நம்பிக் கிட்டப் போகவும் இல்லை. சவுல் செத்தபோது அவனுக்காக மனதார அழுது புலம்பல் பாடியதும் அதே தாவீதுதான்.

உங்கள் மாமியார் இருப்பது உங்கள் வீட்டில், மலையுச்சிக்குப் போக முடியாது. ஆனால் ஈட்டி எட்டாத தூரம் ஒரே வீட்டுக்குள்ளும் உண்டு. அவர் உங்கள் பிறந்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, "அத்தை, இந்தப் பேச்சு வேண்டாம். பேசினீங்கன்னா நான் போயிட்டு அரை மணி நேரம் கழிச்சு வருவேன்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அவர் பத்திரமாகப் படுத்திருக்கிறாரா, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். சரியாக அரை மணி நேரத்தில் திரும்பி வாருங்கள். திரும்பி வருவது முக்கியம். பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் அறைந்தபோது ஆண்டவரே மௌனமாக இருக்கவில்லை. தகாததைப் பேசியிருந்தால் ஒப்புவி, இல்லையென்றால் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர்தான் இதையும் கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பேச்சோடு நிற்காமல் கையும் நீளுகிற வீடுகள் உண்டு. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது புருஷனோ மாமனாரோ அடிக்கிறார் என்றால் நான் மேலே எழுதியது அவர்களுக்கான பதில் அல்ல. அவர்கள் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது மன்னிக்காததற்கு அடையாளம் ஆகாது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் பத்து வயதும் ஆறு வயதுமான இரண்டு மகன்களையும் ஜீப்போடு எரித்தார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு, பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான வேலையை இன்னும் சில வருடம் அங்கேயே இருந்து பார்த்தார். வழக்கும் அதன் வழியில் நடந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அவர் மன்னித்ததால் கோர்ட் மூடப்படவில்லை. மன்னிப்பது ஒன்று, நம்புவது ஒன்று, கூடவே வைத்துக்கொள்வது ஒன்று. இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டி ஒரு பெண்ணின் தலையில் வைக்கிறபோதுதான் அவள் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள்.

ஜெபத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், "அவரை ஆசீர்வதியும் என்று சொல்ல நாக்கு வரவில்லை" என்று. வராவிட்டால் வேறிடத்தில் தொடங்குங்கள். சங்கீதம் 55இல், "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்று ஒரு வரி வரும். வெளியாள் பேசினால் பொறுத்துக்கொள்வேன், கூடவே இருக்கிறவர் பேசினால்தான் தாங்கவில்லை. உங்கள் நிலைமை அப்படியே அங்கே இருக்கிறது, அதைச் சத்தமாக வாசியுங்கள். கடவுளிடம் நாகரிகம் பார்க்கத் தேவையில்லை. அடுத்த படியாக, அவருக்கு ராத்திரி வலி இல்லாமல் தூக்கம் வரட்டும் என்று மட்டும் கேளுங்கள். அதில் உங்களுக்கும் லாபம் உண்டு, அதனால் சுலபமாக வாயில் வரும். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

ரோமர் பன்னிரண்டில் உன் சத்துரு பசியாயிருந்தால் போஜனங்கொடு, அப்படிச் செய்தால் அவன் தலைமேல் அக்கினித்தழலைக் குவிப்பாய் என்று வருகிறது. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான வசனம், அந்தத் தழல் பகுதியை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். வள்ளுவரும் இன்னா செய்தாரை "அவர்நாண நன்னயஞ் செய்து விடல்" என்றார். ஆனால் உங்கள் மாமியார் நாணுவார், ஒருநாள் கையைப் பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்துச் செய்யாதீர்கள். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். எங்கள் அத்தை கடைசிவரை மாறவில்லை. சாவதற்கு முந்தின வாரம் கஞ்சியைக் குடித்துவிட்டு, உப்பு பத்தலை என்றார். அவ்வளவுதான். நான் அந்தப் பத்து நிமிடத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். காது சரியாகக் கேட்காதவர் மாதிரி படுத்திருந்தார். கேட்டதோ கேட்கவில்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதே அதிகாரத்தில் பவுல், "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று இரண்டு நிபந்தனை வைத்து எழுதியிருக்கிறார். அந்த இரண்டையும் விட்டுவிட்டு யாராவது உங்களுக்கு வசனம் சொன்னால் பாதி வசனம் சொல்கிறார்கள்.

இனி நர்ஸாகச் சில வார்த்தை. இடது பக்கம் விழுந்திருக்கிறது, பேச்சு இருக்கிறது என்றால் அடி பட்டது மூளையின் வலது பக்கம். அந்தப் பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்கு எதிரே இருப்பவரின் முகத்தில் தெரியும் வருத்தத்தைப் படிக்கிற திறமையே குறைந்துவிடும். நீங்கள் கண் கலங்கி நிற்பது அவருக்கு நிஜமாகவே தெரியாமல் இருக்கலாம். தனக்கு ஊனம் இருப்பதையே சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நடப்பேன் என்று எழுந்து விழுவார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் சேர்ந்து வருகிறது. வயதானவர்களுக்கு அது அழுகையாகவே வர வேண்டும் என்றில்லை, எரிந்து விழுவதாகவும் வரும். அதற்கு மருந்து உண்டு. ஒரேயடியாகப் பேச்சு மாறி, ராத்திரி உளறல், ஆள் அடையாளம் தெரியாமை என்று வந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலும் தோள்வலியும்கூட ஆளைப் பேயாக்கிவிடும். இதையெல்லாம் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்ச் சொல்லுங்கள், "பேச்சு தாங்க முடியலை" என்று மட்டும் சொன்னால் அவர் சிரித்துவிட்டு மாத்திரையை மாற்றாமல் அனுப்பிவிடுவார்.

பதினாறு வருடத்துப் பேச்சை எட்டு மாத நோயின்மேல் போட முடியாது, அது எனக்கும் தெரியும். நகையைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் பேசியது நோய் இல்லை, அவர்தான். ஆனால் இப்போது அவர் சொல்கிற எல்லாமே அந்தப் பழைய கணக்கில் வராது. அந்த வெறுஞ்சோறு விஷயத்தைப் பாருங்கள். பொரியலும் மீனும் வைக்கிறேன், தொடாமல் அப்படியே விட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டில் அதை எந்தப் பக்கம் வைக்கிறீர்கள்? இடது பக்கமாக இருக்கலாம். வலது மூளை அடிபட்டவர்களில் பலருக்குக் கண் நன்றாக இருந்தும் இடது பக்கம் என்ற ஒன்று இருப்பதே மனதில் பதியாது. தட்டின் வலது பாதியைத் தின்றுவிட்டு, அவ்வளவுதான் வைத்தார்கள் என்று சத்தியமாக நம்புவார்கள். சீப்பைக் கொடுத்தால் வலது பக்கத் தலையை மட்டும் வாருவார்கள். உங்கள் மாமியார் பொய் சொல்லாமல்கூட இருக்கலாம்.

இன்றைக்கு ராத்திரி மீனை வலது பக்கம் வைத்துக் கொடுங்கள், பாதி சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வையுங்கள். என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.